'முழு வடிவம்' என்று விற்ற 'நைட் கேலரி' டிவிடி செட்டில் இருப்பது வெட்டப்பட்ட வடிவம்: பணம் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளை விற்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையக் கடையில் நான் வாங்கிய, 'நைட் கேலரி' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் டிவிடி பாக்ஸ் செட் குறித்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ரசீது, பெட்டியின் பின் அட்டைப் படம், உங்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்திருக்கிறேன். அட்டையிலும் பக்கத்திலும் "முதலில் ஒளிபரப்பான முழு வடிவம், வெட்டுகள் இல்லை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் வாங்கினேன். உள்ளே இருக்கும் டிஸ்க்குகளில் இருப்பதோ பிற்பாடு உள்ளூர் நிலையங்களின் மறுஒளிபரப்புக்காக அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டப்பட்ட வடிவம்.

இதை உங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன். "டிஸ்க்கில் கீறல் இல்லை, தடையில்லாமல் ஓடுகிறது, எனவே திரும்பப் பெற முடியாது" என்று பதில் வந்தது. டிஸ்க் ஓடவில்லை என்று நான் சொல்லவே இல்லை. அட்டையில் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே வேறொன்றை வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் புகார். பதில் எழுதியவருக்கு இந்தத் தொடரைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் நீங்கள் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'நைட் கேலரி' அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்த திகில் கதைத் தொடர். ராட் செர்லிங் தொகுத்து வழங்கினார், பல கதைகளுக்குத் திரைக்கதையும் அவரே எழுதினார். 1969 நவம்பர் 8 அன்று தொடருக்கு முன்னோடியாக ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அதில் மூன்று கதைகள். அவற்றில் ஒன்றை இயக்கியவர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், நடித்தவர் ஜோன் கிராஃபோர்ட். 1970 டிசம்பரில் தொடங்கி 1973 மே வரை மூன்று சீசன்கள், மொத்தம் 43 எபிசோடுகள். முதல் இரண்டு சீசன்களிலும் ஒவ்வொரு எபிசோடும் விளம்பரத்தோடு ஒரு மணி நேரம். அதற்குள் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு கதைகள்கூட வரும். நீளமான கதையும் இருக்கும், இரண்டு நிமிடத் துணுக்கும் இருக்கும். இருட்டான ஓவியக் கூடத்தில் செர்லிங் நடந்து வந்து ஒவ்வொரு ஓவியத்தின் பக்கத்திலும் நின்று அடுத்த கதையை அறிமுகம் செய்வார். மூன்றாவது சீசனை மட்டும் சேனலே அரை மணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

தொடர் முடிந்த பிறகு உள்ளூர் நிலையங்களுக்கு விற்க வேண்டியிருந்தது. தினமும் போடுவதற்கு 43 எபிசோடுகள் போதாது. அதனால் ஒரு மணி நேர எபிசோடுகளை உடைத்து அரை மணி நேரமாக்கினார்கள். அரை மணிக்கு மேல் போன கதையை வெட்டினார்கள். போதாமல் இருந்த கதைக்கு வேறெங்கோ எடுத்த காட்சிகளை ஒட்டியும், அதே காட்சியைத் திரும்பப் போட்டும் நீட்டினார்கள். அதுவும் பத்தாமல் ஏபிசி சேனலில் 1972இல் வந்த 'தி சிக்ஸ்த் சென்ஸ்' என்ற சம்பந்தமே இல்லாத தொடரின் 25 எபிசோடுகளையும் பாதியாகக் குறைத்து, செர்லிங்கைப் புதிதாக முன்னுரை பேசவைத்து, 'நைட் கேலரி' என்ற பெயரிலேயே சேர்த்தார்கள்.

என் கையில் இருக்கும் செட்டில் அந்த 'சிக்ஸ்த் சென்ஸ்' எபிசோடுகளும் இருக்கின்றன! கடைசி டிஸ்க்குகளைப் போட்டால் கேரி காலின்ஸ் டாக்டர் மைக்கேல் ரோட்ஸாக வருகிறார். அவர் அந்த இன்னொரு தொடரின் கதாநாயகன். உங்கள் அட்டை இதை "நான்காவது சீசன்" என்று சொல்கிறது. 'நைட் கேலரி'க்கு நான்காவது சீசன் கிடையாது. எந்தப் பிரதியிலிருந்து இந்த டிஸ்க்குகள் தயாராயின என்பதற்கு இதைவிட நேரடியான சான்று என்னிடம் இல்லை, தேவையும் இல்லை.

சரி, சில நிமிடங்கள் போனால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். 1972 மார்ச் 1 அன்று வந்த எபிசோடை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்காகவே இந்த செட்டை வாங்கினேன். அதில் முதல் கதை 'தி கேட்டர்பில்லர்'. ஆஸ்கர் குக் எழுதிய ஒரு சிறுகதையை வைத்து செர்லிங் திரைக்கதை எழுத, ழானோ ஷ்வார்க் இயக்கியது. களம் போர்னியோ தீவு. புகையிலைத் தோட்டத்தில் ஓயாத மழை. லாரன்ஸ் ஹார்வி நடித்த மேசி என்ற ஆங்கிலேயர் அங்கே வேலைக்கு வருகிறார். வயதான முதலாளியின் இளம் மனைவி மேல் அவருக்கு ஆசை. முதலாளியைத் தீர்த்துக்கட்ட ஒரு வழி சொல்லப்படுகிறது: தூங்குபவரின் காதருகே ஒரு பூச்சியை விட வேண்டும். அது உள்ளே புகுந்து நேராகக் குடைந்துகொண்டே போகும், திரும்பத் தெரியாது. காசு கைமாறுகிறது. ஆள் மாறிப்போய்ப் பூச்சி மேசியின் காதிலேயே விடப்படுகிறது.

இந்தக் கதையில் பேயும் இல்லை, பூச்சியின் அட்டகாசத்தையும் நாம் பார்ப்பதில்லை. பயம் முழுக்கக் காத்திருப்பதில் இருக்கிறது. முதலில் மழை, சலிப்பு, சாப்பாட்டு மேசையில் மூவரும் பேசும் பேச்சு. அந்த மெதுவான பேச்சில்தான் மேசி எப்படிப்பட்டவர் என்று நமக்குள் ஏறுகிறது. அப்புறம் மறுநாள் காலை, முதலாளிக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். பிறகு தன் காதிலேயே ரத்தத்தைக் காணும் நொடி. அதன்பின் கட்டிலில் கட்டிப்போடப்பட்டு அவர் படும் வேதனை. அதெல்லாம் முடிந்து, அதிசயமாகப் பிழைத்துவிட்டார் என்று நாமும் மூச்சு விட்ட பிறகு, டாக்டர் பூச்சியைப் பற்றிச் சொல்லும் கடைசிச் செய்தி வருகிறது. அந்தப் பூச்சி பெண், பெண் பூச்சி முட்டையிடும்.

என் டிஸ்க்கில் இந்தக் கதை தனி எபிசோடாக அரை மணி நேர அளவுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. சாப்பாட்டு மேசைப் பேச்சு பாதியில் நிற்கிறது. காலைக் காட்சி அவசரமாக ஓடுகிறது. வேதனைக் காட்சி ஆரம்பித்ததும் முடிந்துவிடுகிறது. அவர் பட்ட பாட்டை நாம் கூடவே அனுபவிக்காவிட்டால் டாக்டரின் கடைசி வார்த்தை வெறும் தகவலாக நின்றுவிடும். லாரன்ஸ் ஹார்வி இதற்கு அடுத்த வருடமே, 1973இல், காலமானார். அவருடைய பிற்காலப் படைப்புகளில் இவ்வளவு தீவிரமாக அவர் நடித்ததை நான் பார்த்ததில்லை. அந்த நடிப்பில் வெட்டு விழுந்ததைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதே இரவில் இதன் ஜோடியாக வந்த 'லிட்டில் கேர்ள் லாஸ்ட்' என் செட்டில் வேறொரு டிஸ்க்கில் தனியாகக் கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1971 ஜனவரி 20 அன்று முதல் சீசனின் கடைசி எபிசோடில் வந்த 'தே ஆர் டேரிங் டவுன் டிம் ரைலீஸ் பார்', செர்லிங் எழுதியவற்றில் மிக நெருக்கமானது என்று நான் நினைப்பது. எம்மி விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. வில்லியம் விண்டம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் 25 வருடம் உழைத்த விற்பனையாளராக நடித்திருக்கிறார். இளமையில் போய்வந்த மதுக்கடையை இடிக்கப் போகிறார்கள். அங்கே அவர் கண்ணுக்கு இறந்துபோனவர்கள் தெரிகிறார்கள். திகில் தொடரில் அழவைத்த கதை இது. அந்தக் கதையையும் அரை மணிக்குள் திணித்திருக்கிறார்கள். நினைவுகள் வந்து போகும் இடங்களிலேயே கத்தரி விழுந்திருக்கிறது.

உங்கள் சேவைப் பிரிவின் இன்னொரு பதில், "ஐம்பது வருடப் பழைய தொடர், கிடைத்த பிரதியைத்தான் தர முடியும்" என்பது. இது உண்மையாக இருந்தால் நான் அமைதியாகி இருப்பேன். ஆனால் முழு எபிசோடுகள் தொலைந்துபோகவில்லை. அமெரிக்காவில் 2004, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று சீசன்களும் ஒன்றன்பின் ஒன்றாக டிவிடியில் வந்தன, முதல் இரண்டும் ஒரு மணி நேர வடிவத்திலேயே. 2021இலும் 2022இலும் ப்ளூ-ரேயிலும் வந்தன. ஒருவேளை வெட்டிய வடிவத்துக்கு மட்டும்தான் உங்களுக்கு உரிமை கிடைத்தது என்றால், அட்டையில் அப்படியே போட்டிருக்கலாம். அதை விரும்பி வாங்குபவர்களும் உண்டு, சிறு வயதில் அந்த வடிவத்தையே பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்டது அது இல்லை.

அட்டையில் ஆங்கில சப்டைட்டில் உண்டு என்று போட்டிருக்கிறது. எந்த டிஸ்க்கிலும் இல்லை. என் அண்ணனுக்குக் காது சரியாகக் கேட்காது, அவரோடு சேர்ந்து பார்க்கலாம் என்றுதான் இருந்தேன்.

என் கோரிக்கை இதுதான். செட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அஞ்சல் செலவோடு முழுப் பணத்தையும் தர வேண்டும். அல்லது முழு வடிவம் கொண்ட செட்டை மாற்றித் தர வேண்டும். இரண்டில் எது உங்களுக்கு முடியுமோ அதை ஏற்றுக்கொள்கிறேன். விற்பனைப் பக்கத்திலிருக்கும் "முழு வடிவம்", "நான்காவது சீசன்", "சப்டைட்டில்" என்ற மூன்று வாசகங்களையும் இன்றே எடுத்துவிடுங்கள், இன்னொருவர் ஏமாற வேண்டாம்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அந்த ஒரு மாதம் வரை காத்திருப்பேன். தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர்வேன். டிஸ்க்குகளைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எப்போது வந்தாலும் போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீது, பின் அட்டைப் படம், விற்பனைப் பக்க ஸ்கிரீன்ஷாட், சேவைப் பிரிவின் பதில்கள்.