கொய்யா வாடலும் கன்றோடு வந்த நூற்புழுவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொய்யா மரம் கிளை கிளையாகக் காய்கிறது என்று கேட்டிருந்த வாசகருக்கு, போன இதழ் கேள்வி-பதிலில் "இது வாடல் நோய், பூஞ்சாண மருந்தைத் தூரில் ஊற்றுங்கள்" என்று பதில் சொல்லியிருந்தீர்கள். அதே யோசனையை நம்பி இரண்டு வருடம் மருந்து ஊற்றி, பாதித் தோட்டத்தை இழந்தவன் நான். அந்த வாசகருக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ஆயக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மரங்கள் நன்றாகக் காய்க்க ஆரம்பித்த மூன்றாம் வருடம் இலைகள் செம்பு நிறத்துக்கு மாறின, காய் சிறுத்தது. சத்துக் குறைவு என்றார்கள், நுண்ணூட்டம் தெளித்தேன். அப்புறம் வாடல் என்றார்கள், மருந்து ஊற்றினேன். கடைசியில் பட்டுப்போன ஒரு மரத்தைத் தோண்டி எடுத்துப் பார்த்தால், வேர் முழுக்க இஞ்சிக் கிழங்குபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. கை பட்ட இடத்தில் பட்டை அழுகி உரிந்து வந்தது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில் மண்ணிலிருந்து வேருக்குள் புகும் மிகச் சிறிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுவும், வாடலை உண்டாக்கும் பியூசேரியம் பூஞ்சாணமும் சேர்ந்தே இருப்பதாகச் சொன்னார்கள்.

பியூசேரியம் நம் மண்ணில் பல இடங்களில் இருப்பதுதான். திடமான வேரை அது அவ்வளவு சுலபமாகச் சாய்த்துவிடாது. அதற்கு வழி செய்து கொடுப்பது நூற்புழு. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இளம்புழு வேர் நுனி வழியாக உள்ளே போய் ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள சில செல்களைத் தன் உமிழ்நீரால் பல மடங்கு பருக்கவைத்து, மரம் தயாரிக்கும் உணவை அங்கே இழுத்துக்கொள்கிறது. முடிச்சு உண்டாவது இப்படித்தான். சத்து நிறைந்த அந்த இடம் பூஞ்சாணத்துக்கும் நல்ல தீனி. புழு துளைத்த காயம் மட்டும்தான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் வேரின் தன்மையையே புழு மாற்றிவிடுகிறது. வாடலைத் தாங்கும் என்று பெயரெடுத்த பயிர் ரகங்கள்கூட நூற்புழு இருக்கும் நிலத்தில் வாடுவது இதனால்தான்.

இது புதுச் செய்தியும் அல்ல. வேர்முடிச்சு உள்ள நிலத்தில் பருத்தி வாடல் கடுமையாக இருப்பதை அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன் என்பவர் 1892-லேயே எழுதிவைத்தார். கொய்யாவிலேயே பிரேசில் நாட்டில் சோதித்திருக்கிறார்கள். பூஞ்சாணத்தை மட்டும் இட்ட கன்றுகளில் வேர் அழுகவில்லை, நூற்புழுவும் சேர்ந்த பிறகுதான் அழுகியது. கொய்யாவை இப்படிப் பாடுபடுத்தும் மெலாய்டோகைன் என்டரோலோபி என்ற புழு, 1983-ல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு நிழல்மரத்தின் வேரிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று அது தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களிலும் இருக்கிறது.

இந்தப் புழு தானாக ஊர்ந்தால் வருடத்துக்குச் சில அடி தூரம் போனாலே அதிகம். அப்படியிருக்க, ஊர் ஊராகப் பரவியது எப்படி? கன்றுப் பாக்கெட்டில் இருக்கும் மண்ணோடுதான். என் தோட்டத்துக்கும் அப்படித்தான் வந்தது என்று நம்புகிறேன், ஏனென்றால் நட்டு மீந்து, கிணற்றடியில் பாக்கெட்டோடு கிடந்த நாலு கன்றுகளின் வேரிலும் அதே முடிச்சு இருந்தது. விற்றவரிடம் சொன்னபோது, இலை பச்சையாகத்தானே இருந்தது என்று முடித்துக்கொண்டார்.

விற்பனைக்குப் போகும் கன்றுகளிலும், மானியத்தில் கொடுக்கும் கன்றுகளிலும் நூற்புழு சோதனையைத் தோட்டக்கலைத் துறை கட்டாயமாக்க வேண்டும். பாக்கெட் மண்ணை நல்ல கோடை வெயிலில் பாலித்தீன் தாள் போட்டு மூடிச் சூடேற்றினாலே புழு பெருமளவு குறையும். இதைச் செய்ய நர்சரிக்காரர்களுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. புழு ஏறிவிட்ட தோட்டத்தில் வேப்பம் புண்ணாக்கு, பர்பியூரியோசில்லியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்து ஊட்டமேற்றிய தொழுவுரம், இடையில் செண்டுமல்லி என்று தொடர்ந்து செய்து கட்டுக்குள் வைக்கலாம். அடியோடு ஒழிக்க முடியாது. மீதி மரங்களை நான் இப்படித்தான் காப்பாற்றி வருகிறேன்.

ஐப்பசி மழைக்குக் கன்று வைக்கப் பலர் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள், தூரைச் சுற்றியுள்ள ஈர மண்ணும் சல்லிவேரும் எப்படி எடுத்து, வெயில் படாமல் பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என்பதைப் படத்தோடு ஒரு பக்கம் போடுங்கள். பாக்கெட்டைக் கிழித்து வேரைப் பார்த்த பிறகே கன்றுக்குப் பணம் கொடுங்கள் என்பதையும் அதில் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொய்யா விவசாயி ஒருவர்,
பழனி வட்டம்.