பிக் மாமாவின் லண்டன் ரெக்கார்டு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பேத்தி கிட்டார் கேட்டு அடம் பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, வாங்கிக் கொடுத்துவிடு. பரணில் கிடக்கும் உன் பழையதை அவள் தலையில் கட்டாதே. எனக்கு முழங்கால் வலியைத் தவிரப் பெரிய குறையில்லை. தென்னையில் வெள்ளை ஈ விழுந்திருக்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் கடிதம் ஒப்பாரியாகிவிடும், விடு.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய்: பெரிய குரல்காரி மேடையேறிவிட்டால் கிட்டார்காரன் பேருக்குக் கம்பியைத் தடவினால் போதும் என்று. நம் கல்யாணக் கச்சேரி நாட்களில் பட்ட காயம், தெரியும். ஆனாலும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஒரு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் ரெக்கார்டு நீ சொல்வதற்கு நேர்மாறு.

பாடுவது பிக் மாமா தார்ன்டன் ('மாமா' என்றால் இங்கே அம்மா), அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸ் பாடும் பாடகி. சொந்தப் பெயர் வில்லி மே. 1926இல் அலபாமாவில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்து, அம்மா இறந்தபின் பதின்வயதிலேயே ஊர் ஊராகப் போகும் ஆட்டபாட்டக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டவர். டிரம்ஸ், மவுத் ஆர்கன் எல்லாம் தானே கற்றுக்கொண்டது. ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாடி உலகமே ஆடிய 'ஹவுண்ட் டாக்' (வேட்டை நாய்) முதலில் இவருடைய பாட்டு. லைபர், ஸ்டோலர் என்ற இரண்டு பத்தொன்பது வயதுப் பையன்கள் இவருக்காகவே எழுதியது. 1952 ஆகஸ்டில் பதிவாகி, அடுத்த ஆண்டு கறுப்பின மக்களின் பாட்டுப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. கடைசியில் வாத்தியக்காரர்கள் நாய் மாதிரி குரைப்பார்கள். எல்விஸ் அதைப் பாடியது 1956இல்தான். இந்தப் பாட்டுக்குத் தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் செக் என்று பின்னாளில் பிக் மாமா சொன்னார்.

நான் இதைச் சத்தமாக வைத்திருந்தபோது அடுக்களையிலிருந்து சரோஜா வந்தாள். "யாரு இது, யாரை இப்படித் திட்டுது?" என்றாள். வீட்டில் உட்கார்ந்து தின்கிற ஆம்பளையைத் துரத்துகிறாள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். இவளுக்கு ப்ளூஸ் புரிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1965இல், அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகும் ஒரு கச்சேரிப் பயணத்தில் இவரும் இருந்தார். அர்ஹூலி என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனியை நடத்திய கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டார். அக்டோபர் 20ஆம் தேதி, லண்டனில் வெசெக்ஸ் ஸ்டுடியோ. உடன் வாசிக்கச் சுற்றுப்பயணத்துக் கூட்டாளிகளே. கிட்டாரில் பட்டி கை, அப்போது 29 வயது. பியானோவில் எட்டி பாய்ட், மவுத் ஆர்கனில் வால்டர் ஹார்ட்டன், டிரம்ஸில் ஃப்ரெட் பிலோ. ஒவ்வொருவரும் தனியாகவே கச்சேரி நடத்தக்கூடிய ஆட்கள்.

நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? இத்தனை பேர் சேர்ந்தால் நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ரா போல ஆளுக்கொரு பக்கம் வித்தை காட்டுவார்கள் என்று. அப்படி இல்லை. 'ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்' கேட்டுப் பார். பிக் மாமா ஒரு வரி பாடி மூச்சு வாங்குகிற இடைவெளியில் பட்டி கை நுழைகிறார். நாலைந்து சுரம்தான், கொஞ்சம் குத்தலாக, பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பதில் சொல்வது போல. அடுத்த வரி வரும்போது ஆளைக் காணோம். அந்தக் குரல் அவரை ஒதுக்கிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வரியின் கடைசிச் சொல்லை பிக் மாமா இழுக்காமல் வெட்டுகிறார் பார், அது கிட்டாருக்கு விட்ட வழி. நம் பாடகிகள் அந்த இடத்தில்தானே சங்கதி போடுவார்கள்! (உன் பழைய சண்டையைக் கிளறவில்லை, சும்மா சொன்னேன்.)

'ஹவுண்ட் டாக்'கையும் மறுபடி பாடியிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1952இல் இருந்த கெட்ட பார்வை இதில் இல்லை. அடுத்த வருஷமே சான்ஃபிரான்சிஸ்கோவில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவோடு இன்னொரு ரெக்கார்டு செய்தார். அதையும் வாங்கிக் கேட்டேன், நல்ல கூட்டணி, பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான் வேறு. ஆனால் எனக்கு லண்டன்தான்.

காரணம், அந்த லண்டன் ரெக்கார்டில் கிட்டார் வாசித்த இன்னொருவர், ஃப்ரெட் மெக்டவல். மிசிசிப்பியில் வயல் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் வாசித்துவந்த மனிதர். 1959இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்யும்வரை வெளியுலகத்துக்குத் தெரியாது. விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பார். 'மை ஹெவி லோட்' பாட்டில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் விலகிக்கொள்ள, இவரும் பிக் மாமாவும்தான். அவ்வளவு பெரிய குரல் பாதியாக இறங்குகிறது. பாட்டின் வரி முடிகிற இடத்தில் கிட்டார் அதையே திரும்பச் சொல்கிறது, வாயும் கம்பியும் ஒரே வார்த்தையை உச்சரிக்கிற மாதிரி. ஓர் இடத்தில் எது குரல், எது கம்பி என்று எனக்குக் குழம்பிவிட்டது. காது மந்தம் என்று நீ சொல்வாய். மறுபடி போட்டுக் கேட்டேன், அப்போதும் அப்படித்தான்.

பிக் மாமா 1984இல், 57 வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்துபோனார். கடைசியில் உடம்பு ஒடுங்கி ஆளே பாதியாகிவிட்டிருந்தார். பெரிய இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2024இல். நாற்பது வருஷம்!

மருமகனிடம் சொல்லி உன் போனில் இந்த ரெக்கார்டை ஏற்றித் தரச் சொல். கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் கேள். மெக்டவல் கிட்டாரை எந்தச் சுருதியில் திருகி வைத்திருக்கிறார் என்று மட்டும் எனக்கு எழுது, என்னால் பிடிக்க முடியவில்லை. அப்புறம், சரோஜா உனக்குப் புளியோதரைப் பொடி அனுப்புகிறாள். காரம் கம்மி, டாக்டர் சொன்னபடி.

அன்புடன்,
சிதம்பரம்