எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏமாளிகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஊடகக் கோட்பாடுகள் அறிமுகக் கட்டுரையின் ஒரு வரி நான்கு நாளாக மனதை உறுத்துகிறது. "படிப்பறிவு குறைந்த மக்கள் மனதில் ஊடகச் செய்தி ஊசிமருந்து போல நேராக ஏறிவிடும்" என்று எழுதி, 1938-இல் அமெரிக்காவில் ஒலிபரப்பான வானொலி நாடகத்தை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார் கட்டுரையாளர். இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் இதழியல் நடத்தியவள் நான். ஆனால் டீக்கடைக்காரர் மகளாகத்தான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க் கிரகத்தார் வந்துவிட்டார்கள் என்று ஆர்சன் வெல்ஸ் நடத்திய அந்த வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்பது, மறுநாள் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கிய கதை. அவற்றின் விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பீதியை ஆராய்ந்து 1940-இல் புத்தகம் போட்ட ஹாட்லி கான்ட்ரிலின் கணக்கிலேயே, கேட்டவர்கள் ஏறக்குறைய 60 லட்சம் பேர், கலங்கியவர்கள் 12 லட்சம் பேர். மற்றவர்களில் சிலர் வேறு நிலையத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், சிலர் பேப்பரில் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து நாடகம் என்று தெரிந்துகொண்டார்கள்.

அதே 1940-இல் அதிபர் தேர்தல் சமயம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் 600 வாக்காளர்களிடம் மாதாமாதம் பேசியது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு. பிரச்சாரத்தால் கட்சி மாறியவர்கள் கொஞ்சம்தான். செய்தி முதலில் அக்கறையாகப் படிக்கிறவரிடம் போகிறது, அவர் பேச்சு வழியாகவே மற்றவர்களை எட்டுகிறது என்ற இருபடி ஓட்டம் அங்கிருந்து வந்ததுதான். உங்கள் கட்டுரையில் அதற்கு ஒன்றரை வரி.

எனக்கு அதைப் புரியவைக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் அப்பா தாள் தாளாகப் பிரித்து, பெஞ்சில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார். நடுப்பக்கத்தை மட்டும் அவரே சத்தமாக வாசிப்பார். கைநாட்டு வைக்கிற பெரியவர் ஒருவர் கிளாஸைக் கீழே வைக்காமலே, "யாரு சொன்னது? அவன் நேர்ல போய்ப் பாத்தானா?" என்று தினமும் கேட்பார். பருத்தி விலை தப்பாக அச்சான அன்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். முந்தின நாள்தான் சந்தையில் மூட்டை இறக்கியிருந்தார். அவருக்கா ஊசி ஏறும்?

சரி, சொல்ல ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் எங்கள் ஊர்க் குழாயில் 19 நாள் தண்ணீர் வரவில்லை. படத்தோடு கடிதம் அனுப்பினேன். ஏழாம் பக்கத்தில் நான்கு வரி போட்டீர்கள், அதிலும் ஊர்ப் பெயர் தப்பு. அந்த வாரம் முதல் பக்கத்தில் ஒரு நடிகர் வீட்டுக் கல்யாணம். 1968-இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில் ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்டுக் கண்டது உங்களுக்குத் தெரியாததல்ல. ஊடகம் எதைப் பெரிதாகப் போடுகிறதோ அதுவே மக்களுக்கும் பெரிய விஷயமாகிறது. பத்திரிகையின் பொறுப்பைப் பேசுகிற அந்தக் கோட்பாடு கட்டுரையில் இல்லவே இல்லை. எங்கள் அறியாமைக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதானால், தயவுசெய்து பெரியவரின் கேள்வியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இதழியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்