குழுவில் வக்கீல் விளம்பரங்கள் போடுவது பற்றி

எல்லோருக்கும் வணக்கம். "வேலையில் அடிபட்டதா? இழப்பீடு வந்தால் அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று நேற்று இங்கே வந்த படத்தை நீக்கிவிட்டேன். போட்ட தம்பி உதவத்தான் நினைத்தார், அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

சிங்கப்பூரில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யத் தடையில்லை. 2015ஆம் ஆண்டின் தொழில்நடத்தை விதிகளின்படி அந்த விளம்பரம் பொய்யாகவோ, ஏமாற்றும்படியோ, தொழிலின் மதிப்பைக் கெடுக்கும்படியோ இருக்கக்கூடாது. ஆனால் ஏஜண்ட் வைத்து ஆள் பிடிப்பதும், வழக்கு கொண்டுவருபவருக்குக் கமிஷன் கொடுப்பதும் வழக்கறிஞர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடிய செயல்கள். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசவும் அனுமதி இல்லை. 2022இல் சில வகை வழக்குகளுக்கு நிபந்தனைக் கட்டணம், அதாவது வழக்கின் முடிவைப் பொறுத்து வக்கீல் வாங்கும் கட்டணம், வந்தது. நம் விபத்து வழக்குகளுக்கு அது பொருந்தாது.

ஆகவே மருத்துவமனையிலோ விடுதியிலோ தேடிவந்து "நம்ம ஊர் வக்கீல் இருக்கார், இதில் கையெழுத்துப் போடுங்க" என்பவரிடம் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். அடிபட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் நம்மவர் என்ற பேச்சுக்கு மனம் இளகிவிடும், எனக்கு அந்தப் பயம்தான்.

வேலைக்காயத்துக்கு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கோர வக்கீலே தேவையில்லை. முதலாளியிடம் உடனே சொல்லுங்கள். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரவேண்டும். சந்தேகமிருந்தால் மனிதவள அமைச்சிடம் கேளுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் அவர் பெயர் சட்ட அமைச்சின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி இத்தகைய படங்களை இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.