கறுத்த விரல்களோடு அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

போன கடிதம் முழுக்கக் குளிரைப் பற்றியே எழுதியிருந்தேன் என்று அம்மா போனில் வருத்தப்பட்டாள். இந்தக் கடிதம் அப்படி இருக்காது. இங்கே இப்போது மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை விட்டு அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. முதல் சில மாதங்கள் அப்படியேதான் போயின. அப்புறம் ஒருநாள், வீட்டுக்காரப் பெரியவரின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். 1970களின் ஜப்பான் வண்டி, இரண்டு சிலிண்டர். அவரால் இப்போது குனிந்து வேலை செய்ய முடிவதில்லை. "ஆர்வமிருந்தால் வா, சேர்ந்து செய்யலாம்" என்றார். அன்றிலிருந்து சனி, ஞாயிறு எல்லாம் எனக்குக் கொட்டகையில்தான்.

அலுமினிய பாகங்களை என் கையில் கொடுத்துவிட்டார். கிளட்ச் கவர், எதிர்ப்பக்கத்துக் கவர், முன் ஃபோர்க்கின் கீழ்க்குழாய்கள், சக்கர ஹப்புகள். பனிக்காலத்தில் இங்கே சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு அலுமினியத்தை அரித்துவிடுகிறது. மேலே வெள்ளை மாவு பூத்தது போல இருக்கும், சுரண்டினால் அடியில் ஊசி குத்திய மாதிரி குழிகள்.

கவரைக் கழற்றவே ஒரு நாள் ஆயிற்று. ஜப்பான் வண்டிகளின் ஸ்குரூ ஜேஐஎஸ் வகை, அதாவது ஜப்பானியத் தர அளவில் செய்தது. பார்க்க ஸ்டார் ஸ்குரூ போலத்தான் இருக்கும், ஆனால் சாதாரண ஸ்டார் டிரைவரை வைத்துத் திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அதற்கென்றே ஒரு டிரைவர் வைத்திருக்கிறார்.

பிசுக்குப் போகக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடலாமா என்று கேட்டேன். பெரியவர் பதறிவிட்டார். காஸ்டிக் அலுமினியத்தையே கரைக்குமாம். குமிழ் குமிழாகப் பொங்குவது ஹைட்ரஜன், பாகம் கறுத்துப் போகும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும், பிறகு சோப்புத் தண்ணீரும் போதும் என்றார்.

அடுத்த பாடம் லேக்கர், வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. அந்தக் காலத்து ஜப்பான் கவர்கள் பலவற்றில் கம்பெனியிலேயே நிறமில்லாத லேக்கர் அடித்திருப்பார்கள். அது மஞ்சளாகி, விரிசல் விட்டு, உள்ளே ஈரம் புகுந்துவிடும். பெயிண்ட் ரிமூவர் போட்டு அதை எடுக்காமல் எவ்வளவு பாலிஷ் தேய்த்தாலும் லேக்கரைத்தான் தேய்த்துக்கொண்டிருப்போம். தேய்க்கிற துணி கறுக்கவில்லை என்றால் உலோகம் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். இது எனக்கு மிகவும் பிடித்துப்போன அடையாளம்.

அப்பா, உண்மையான வேலை வாட்டர் பேப்பரில்தான், நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளில்தான் இருக்கிறது. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். முதல் கவரில் நான் அவசரப்பட்டேன். 220 நம்பரில் தேய்த்துவிட்டு நேராக 1000க்குப் போய், பாலிஷும் போட்டேன். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் ஜன்னல் பக்கம் திருப்பியதும், அந்தப் பளபளப்புக்குள்ளேயே 220இன் கீறல்கள் அத்தனையும் வரிவரியாகத் தெரிந்தன. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி 220ஐ எடுத்து நீட்டினார். அதன்பின் 320, 400, 600, 800, 1000, 1500 என்று ஒன்றையும் தாண்டாமல் போனேன். பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். முந்தைய கீறல் ஒன்றுகூட மிஞ்சாத பிறகுதான் அடுத்த பேப்பர். ஒரு கவருக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. இரும்புக் கம்பளி மட்டும் கூடவே கூடாது. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடிக்கும்.

பஃபிங் வீலை, மோட்டாரில் சுழன்று பாலிஷ் போடும் துணிச்சக்கரத்தை, இன்னும் பயத்தோடுதான் தொடுகிறேன். பாகத்தை வீலின் கீழ்ப்பாதியில், நடுமட்டத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். மேலே பிடித்தால் கையிலிருந்து பிடுங்கி வீசிவிடும். வீலில் தடவுவது முதலில் பிரவுன் நிறப் பாலிஷ் கட்டி, பிறகு வெள்ளைக் கட்டி. இரண்டுக்கும் தனித்தனி வீல், நடுவில் பாகத்தைக் கழுவியாக வேண்டும். முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள். அலுமினியத் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும் என்பதால், அங்கே இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பெரியவர் ஓட்டவே விடுவதில்லை.

ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. கண்ணாடி மாதிரி ஆக்க முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படி ஆக்கக் கூடாது. சூடு தணிக்கச் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடு போன்ற துடுப்புகளும் கார்புரேட்டரும் வார்த்தபடியே மங்கலாக இருந்தால்தான் பக்கத்துக் கவர் எடுப்பாகத் தெரியும். கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தைத் தொடவே கூடாது. அது ஒரு மயிரிழை வளைந்தாலும் எண்ணெய் கசியும்.

உங்கள் வண்டியை நினைத்துக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அது சுவரோரமே நிற்கிறதல்லவா? துணியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தொட்டு, இன்ஜின் கவரின் ஓர் ஓரத்தில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். துணி கறுக்கிறதா இல்லையா என்று பதில் எழுதுங்கள். கறுக்கவில்லை என்றால், நான் லீவில் வரும்போது முதலில் லேக்கரை எடுக்க வேண்டியிருக்கும். வேறு யாரையும் அதில் கை வைக்க விடாதீர்கள். காஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்