டாலமியின் எண்களை வரைபடமாக்க: செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மாடி ஏறுகிறாய் என்பதில் சந்தோஷம். பழைய கிரேக்கப் புவியியலாளர் டாலமியின் எண்களை வைத்துக்கொண்டு வரைபடம் போட உட்கார்ந்துவிட்டாய் என்பதில் அதைவிடச் சந்தோஷம். பழைய சேரத் துறைமுகமான முசிறிக்கு அவர் 14 பாகை அட்சம் தருகிறாரே, அப்படிப் பார்த்தால் அது கர்நாடகக் கரையிலுள்ள பட்கல் வரைக்கும் ஏறிவிடுகிறதே என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் எழுதப்பட்ட அவருடைய 'புவியியல்' நூலில் ஏறக்குறைய 8,000 இடங்களுக்கு அட்சமும் தீர்க்கமும் உண்டு. வானத்தைப் பார்த்து அளந்தவை அவற்றில் மிகச் சில. மற்றவையெல்லாம் மாலுமிகளும் வழிப்போக்கர்களும் சொன்ன தூரங்களைப் பாகையாக மாற்றிக் கணக்கிட்டவை. அந்தக் கணக்கிலும் ஒரு கோணல்: அவருக்கு முன்பே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ் ஒரு பாகைக்கு 700 ஸ்டேடியா (கிரேக்கரின் தூர அளவு) என்றார், டாலமி 500 போதும் என்றார். தூரம் அதேதான், பாகை கூடிவிட்டது. கிழக்கு மேற்காக உலகம் இழுபட்டுப் போனதற்கு இது பெரிய காரணம். மத்தியதரைக் கடலின் நீளம் உண்மையில் சுமார் 42 பாகை, அவரிடம் 62.

நம் கரையையே பார். முசிறி 117 பாகை தீர்க்கம், 14 அட்சம். குமரி 121 பாகை 45 கலை (60 கலை ஒரு பாகை), 13 பாகை 30 கலை. அதாவது அவர் கணக்கில் கிழக்கே நாலேமுக்கால் பாகை போனால் தெற்கே இறங்குவது வெறும் அரைப் பாகை. உண்மையில், முசிறி இருந்ததாகக் கருதப்படும் கொடுங்கல்லூரிலிருந்து கன்னியாகுமரி கிழக்கே 1 பாகை 21 கலை, தெற்கே 2 பாகை 7 கலை. தெற்கே இறங்கும் கரையைப் படுக்கப் போட்டுவிட்டார். இலங்கையோ ஊதிப் பெருத்து நிலநடுக்கோட்டையே தாண்டிவிடுகிறது. ஆனால் தொண்டி, முசிறி, குமரி, கொற்கை என்ற வரிசை தப்பவில்லை. ஆகவே அவரிடம் வரிசையையும் அக்கம்பக்கத்தையும் படி. தனி ஒரு ஊரின் எண்ணை நம்பி மண்வெட்டியைத் தூக்காதே.

இன்றைய வரைபடத்தின்மேல் புள்ளி வைக்கும் முன் அவருடைய வலையிலேயே ஒருமுறை வரைந்துவிடு. உருண்டை உலகைத் தாளில் விரிக்க அவர் சொன்ன முதல் முறை ஏ3 தாளில் அடங்கும். தாளைப் படுக்கையாக வை. மேல் விளிம்புக்குக் கீழே நடுவில் ஒரு மையம். அங்கிருந்து செங்குத்தாக ஒரு கோடு, அதுதான் 90 பாகைத் தீர்க்கம். அட்சக் கோடுகள் அந்த மையத்தைச் சுற்றிய வில்கள். ஒரு பாகை அட்சத்துக்கு 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அவருடைய வட எல்லையான தூலே தீவின் வில்லுக்கு ஆரம் 104, மத்தியதரைக் கடலின் ரோடுஸ் தீவுக்கு 158, நிலநடுக்கோடு 230, தென் எல்லை 263 மி.மீ. நூல் கட்டி வில் போடாதே, இழுபடும். மெல்லிய மரச்சட்டத்தில் துளையிட்டு ஆணி அடித்துச் சுழற்று. ரோடுஸ் வில்லில் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 18 குறிகள், ஒவ்வொன்றும் 8 மி.மீ., ஒவ்வொன்றும் 5 பாகைத் தீர்க்கம். கவராயத்தை 0.2 மி.மீ. கூடத் திறந்துவிட்டால் பதினெட்டாவது குறியில் பிழை 3.6 மி.மீ. ஆகிவிடும். ஆகவே கடைசிக் குறி நடுக்கோட்டோடு 52.2 பாகைக் கோணத்தில் நிற்கிறதா என்று சரிபார்த்துவிட்டு இடையைப் பிரி. மையத்திலிருந்து குறிகள் வழியாக நிலநடுக்கோடு வரை நேர்கோடுகள். அதற்குத் தெற்கே கோடுகள் உள்பக்கமாக ஒடிய வேண்டும்: தென் எல்லை வில்லில் 10 மி.மீ. இடைவெளியில் குறி வைத்து இணைத்துவிடு. அந்த ஒடிவு கண்ணுக்கு அசிங்கம்தான், ஆனால் அவர் செய்தது அதுதான்.

எண்களில் இன்னொரு கண்ணி. கிரேக்கர் எழுத்தையே எண்ணாக எழுதினார்கள். பெரிய எழுத்தில் ஆல்ஃபா (1), டெல்டா (4), லாம்டா (30) மூன்றும் ஒரே முக்கோண ஜாடை. ஒரு ஊர் தன் கூட்டத்தை விட்டு 3 பாகை தள்ளி நின்றாலோ கடலில் விழுந்தாலோ முதல் சந்தேகம் நகலெடுத்தவர்மேல். பின்னங்களும் அப்படியே: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்து எழுதினால் 50 கலை, பின்னது விட்டுப்போனால் 30. பன்னிரண்டில் ஒன்றுக்கு, அதாவது 5 கலைக்குக் கீழே அவர் போவதில்லை. உன் அட்டவணையில் மூன்று தசமம் வந்தால் அது துல்லியமில்லை, வகுத்தலின் மிச்சம். சந்தேகமான இடத்தில் எண்ணைத் திருத்திவிடாமல் இரண்டு புள்ளியும் வை.

உல்ம் நகரில் 1482இல் அச்சான படங்களை க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றப் போவதாக எழுதியிருந்தாய். அங்கே வட்டாரப் படங்கள் சரிவகமாக வரையப்பட்டவை, நினைவிருக்கட்டும். பழைய படத்தை இன்றைய படத்தோடு பொருத்தும்போது 'தின் பிளேட் ஸ்ப்ளைன்' என்ற முறை வேண்டவே வேண்டாம். அது ஒவ்வொரு புள்ளியையும் இழுத்துச் சரியான இடத்தில் ஒட்டிவிடும். நாம் பார்க்க விரும்பும் பிழையே மறைந்துபோகும். அதற்குப் பதில் இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவை முறையை எடு, அதற்குக் குறைந்தது 6 புள்ளி தேவை. பன்னிரண்டு வை, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் எச்சப்பிழைப் பட்டியலை நிதானமாகப் பார்.

உண்மையான இடங்களுக்கு 2000இல் பிரின்ஸ்டன் வெளியிட்ட பாரிங்டன் அட்லஸ்தான். ரிச்சர்ட் டால்பர்ட் பதிப்பித்தது, 102 படங்கள். அதில் கரையோரமும் பழங்காலத்துக்கு மீட்டு வரையப்பட்டிருக்கிறது. இன்றைய துருக்கியிலுள்ள மிலேட்டஸ் அன்று துறைமுகம். மியாண்டர் ஆற்றின் வண்டல் இன்று அதை உள்நாட்டில் தள்ளிவிட்டது. இன்றைய கரையை அடிப்படையாக வைத்தால் டாலமியின்மேல் இல்லாத குற்றம் சுமத்துவாய்.

ரோமானியச் சாலைகளைக் காட்டும் பாய்டிங்கர் படத்தை இதோடு கலக்காதே. 34 செ.மீ. உயரத்தில் ஆறேமுக்கால் மீட்டர் நீளம்; அதில் திசைக்குப் பொருளே இல்லை, சாலைத் தூரத்துக்கு மட்டும்தான் மதிப்பு. முசிறியையும் பக்கத்தில் அகஸ்டஸ் கோயிலையும் பார்த்து ரசித்துவிட்டு மூடி வை.

இந்தியப் பகுதியின் பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன். பாடபேதங்கள் (பிரதிக்குப் பிரதி மாறும் எண்கள்) தனி நெடுவரிசையில் இருக்கின்றன. ரோடுஸ் வில்லைப் போட்டு முடித்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. குறிகளைக் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராமநாதன்