பாறையின் வயது வேறு, கல்லான நேரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜோத்பூர் பாறைகளைப் பற்றி ஒரு கட்டுரை. படத்தின் கீழே இப்படி ஒரு வரி: 'எரிமலைச் சாம்பல் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் அழுந்திக் கல்லானது.' படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சுமார் 75 கோடி ஆண்டு என்பது அந்தப் பாறையின் வயது. அது கல்லாவதற்கு எடுத்துக்கொண்ட காலம் அல்ல. இது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் கையைத் தாண்டி இந்த வரி அச்சுக்குப் போனதுதான் வருத்தம்.

அங்கே நடந்தது ஒட்டுதல். வெடித்துச் சிதறிய எரிமலைக் குழம்பின் கண்ணாடித் துகள்களும், துளைகள் நிறைந்த லேசான நுரைக்கற்களும் சூடான வாயுவோடு சேர்ந்து தரையை ஒட்டிப் பாய்ந்து வந்து கனமாகக் குவிகின்றன. குவிந்த பிறகும் உள்ளே 600 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடு இருந்தால், கண்ணாடி உருகவே வேண்டாம், இளகினாலே போதும். மேலே இருக்கிற பாரம் அமுக்க, துகளோடு துகள் ஒட்டி, நடுவிலிருந்த இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. கண்ணாடிக்குள் கொஞ்சம் நீர் கரைந்திருந்தால் இன்னும் சுலபமாக இளகும். மேற்பரப்பும் அடித்தளமும் சீக்கிரம் ஆறிவிடுவதால் அங்கே சரியாக ஒட்டாது. உள்பகுதிதான் கெட்டிக் கல்லாகும். இதெல்லாம் நாட்கணக்கில், மிஞ்சினால் ஆண்டுக்கணக்கில் முடிகிற காரியம். ஆறிய பிறகு எத்தனை கோடி ஆண்டு கிடந்தாலும் இந்த ஒட்டுதல் நடக்காது. கலிபோர்னியாவின் பிஷப் டஃப் என்கிற எரிமலைச் சாம்பல் பாறை சுமார் 7.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால்தான் வந்தது. அதன் உள்பகுதியும் இதே மாதிரி ஒட்டி இறுகிய கல்தான். உங்கள் கணக்குப்படி அது இன்னும் தூளாகவே அல்லவா கிடக்க வேண்டும்?

நிலவியல் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்களை ஜோத்பூருக்கு அழைத்துப் போயிருக்கிறேன். செங்கல் நிறக் கல்லை உடைத்தால் உள்ளே கருத்த கீற்றுகள் தெரியும். இரண்டு முனையும் தீநாக்கு போலப் பிரிந்திருக்கும். நசுங்கிப் போன நுரைக்கற்கள் அவை. அதே கல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், கண்ணாடிச் சில்லுகள் ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமத்தின் படிகம் ஒன்றைச் சுற்றி வளைந்து கிடப்பதைக் காணலாம். கண்ணாடி எப்போதோ படிகமாக மாறிவிட்டது. ஆனால் வளைந்த வடிவம் அப்படியே இருக்கிறது. ஆறிப்போன கண்ணாடி உடையுமே தவிர, அப்படி வளையாது. இதை ஒருமுறை பார்த்த மாணவர் யாரும் உங்கள் வரியை எழுத மாட்டார்.

அப்புறம், இது முதல் தடவையும் அல்ல. கி.பி. 79-இல் இத்தாலியின் பொம்பெயி நகரத்தை லாவா மூடியது என்று முன்பு எழுதினீர்கள். அதை மூடியவை நுரைக்கல் மழையும், பின்னால் பாய்ந்து வந்த சூடான சாம்பல் ஓட்டங்களும். அன்றே விளக்கமாகக் கடிதம் எழுதினேன். 'வாசகர் ஒருவர் மாற்றுக் கருத்து தெரிவித்துள்ளார்' என்று ஒற்றை வரியில் போட்டீர்கள். அது என் கருத்து இல்லை ஐயா, அகழ்ந்தெடுத்துக் கண்ட உண்மை. அந்த நகரத்தை மூடிய வெசுவியஸ் எரிமலையைப் பற்றிய இன்னொரு கட்டுரைக்கு ஹவாய்த் தீவின் லாவா ஊற்றுப் படத்தைப் போட்டபோதும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் உங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள் என்பதால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்தப் பட விளக்கத்தை மட்டும் திருத்திப் போடுங்கள். 'சூடு ஆறுவதற்குள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பாறை' என்றால் போதும். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்